தீனி போடும் கை

கண்ணாடித் தொட்டியில் வளரும் மீன்களுக்கு வருகிற நோய்கள் செந்தாமரை நகர்க்காரர்களுக்கு வரத் தொடங்கிய வாரத்தில், முதலில் சிரித்தவள் மருந்துக்கடைத் தவமணிதான். அது ஈவிரக்கமில்லாத சிரிப்பு என்று குடியிருப்போர் நலச் சங்கத்தில் பிறகு கண்டித்துப் பேசினார்கள். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அந்த நகரின் மீன்கள் எப்படிச் செத்தன, யார் கையால் செத்தன, செத்ததைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு எத்தனை மணி நேரத்தில் அடுத்த மீன் வாங்கக் கிளம்பினார்கள் என்பதையெல்லாம் தெரிந்து வைத்திருந்த ஒருத்தி அழுவாள் என்று அவர்கள் எதை நம்பி எதிர்பார்த்தார்களோ தெரியவில்லை.

கொளத்தூர் மீன் சந்தைக்கு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, செந்தாமரை நகர் வளைவுக்குள் நுழைந்ததும் இடதுகைப் பக்கம் இருந்தது அவள் கடை. மீனுக்கான மருந்து, கல் உப்பு, ஹீட்டர், காற்று மோட்டார், வடிகட்டும் பஞ்சு, தொட்டியின் அடியில் கிடக்கும் கழிவை உறிஞ்சி எடுக்கிற குழாய், எல்லாம் அங்கே கிடைக்கும். மீன் மட்டும் கிடைக்காது. மீன் பண்ணை ஒன்றில் ஒன்பது வருஷம் குஞ்சு பிரித்துப் பையில் கட்டுகிற வேலை பார்த்தவள் அவள். ஏன் மீன் விற்பதில்லை என்று யாராவது கேட்டால், "வித்தா அதை உங்ககிட்டதானே குடுக்கணும்" என்பாள். அவள் வீட்டிலும் மீன் கிடையாது.

மருந்து கேட்டு வருகிற எவரிடமும் தவமணி மூன்று கேள்வி கேட்பாள். தண்ணி மாத்தி எத்தனை நாளாச்சு, தொட்டியில எத்தனை மீன் கெடக்கு, கடைசியா புதுசா எதைக் கொண்டாந்து உள்ள விட்டீங்க. போன வாரம்தான் மாற்றினோம், நாலைந்துதான் இருக்கிறது, புதிதாக எதையும் விடவில்லை என்று இருபத்திரண்டு வருஷமாக எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள், படித்தவர்களும் சொன்னார்கள், கோயில் கமிட்டியில் இருந்தவர்களும் சொன்னார்கள். சொல்லிவிட்டு, நீல மருந்தைக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றலாமா என்று கேட்டார்கள். மீன் பேசாது என்ற ஒரே தைரியத்தில் பொய் சொல்கிறவர்கள் என்று அவர்களைப் பற்றி அவள் ஒரு முடிவுக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

முதலில் நோய் கண்டது தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வரதராஜுலுவுக்கு. ஒரு புதன்கிழமை காலை அவர் எழுந்தபோது கன்னத்திலும் கழுத்திலும் புறங்கையிலும் ரவையைத் தூவியது போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருந்தன. அரிப்புத் தாங்காமல் காம்பவுண்டுச் சுவர்களிலும், நிறுத்தியிருந்த கார்களிலும், எதிரே வந்த பால்காரரின் சைக்கிளிலும் முதுகைத் தேய்த்துக்கொண்டே அவர் தெருவில் நடந்து வந்ததைத் தவமணி கடையில் உட்கார்ந்தபடி பார்த்தாள். தொட்டியில் புள்ளி நோய் கண்ட மீனும் அப்படித்தான் கூழாங்கல்லில் உடம்பை உரசிக்கொண்டு ஓடும். அப்போதுதான் அவள் சிரித்தாள்.

"தோல் டாக்டரைப் பாக்கப் போறேம்மா" என்றார் அவர்.

"போங்க சார். போறதுக்கு முன்னாடி, தொட்டியில புதுசா என்ன விட்டீங்கன்னு சொல்லிட்டுப் போங்க."

"எதுவுமே விடலையே."

"ஞாயித்துக்கிழமை கையில கவரோட இந்த வழியாத்தான் போனீங்க. உள்ள நாலு கறுப்பு மாலி மீனு. பத்து நாள் தனியா ஒரு வாளியில வச்சுப் பாத்துட்டு விடுங்கன்னு இந்த எடத்துலதான் சொன்னேன்."

வரதராஜுலு சுவரில் தேய்ப்பதை நிறுத்தினார். தன் புறங்கையைப் பார்த்தார். இரண்டு பேருமே ஆச்சரியப்படவில்லை. அவருக்கு அது அவமானமாக இருந்தது, அவளுக்கு அது நியாயமாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஹீட்டரை முப்பது டிகிரியில் வைக்கச் சொன்னாள், உப்பும் சொட்டு மருந்தும் கொடுத்தாள், புள்ளி மறைந்துவிட்டது என்று பாதியில் விட்டுவிடக் கூடாது, உடம்பிலிருந்து உதிர்ந்தது கல்லிடுக்கில் கிடந்து பெருகித் திரும்ப ஏறும், அதனால் அடித்தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் உறிஞ்சி எடுத்துப் பத்து நாளும் விடாமல் செய்யவேண்டும் என்றாள். தபால் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் சொன்னதைச் சொன்னபடி செய்து பழகியவர் என்பதால் அவர் செய்தார். பதினோராம் நாள் மாலிகளுக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு சுத்தமானது. தோல் டாக்டர் கொடுத்த களிம்பில் குணமாகிவிட்டது என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

பிறகு அது நகர் முழுக்கப் பரவியது. குண்டு தங்கமீனுக்கு ஒரு நாளில் ஐந்து முறை தீனி போட்டுக் குடலை அடைத்து அதைப் பக்கவாட்டில் மிதக்க வைத்தவர்கள் தாங்களும் இடப்பக்கமாகச் சாய்ந்து நடந்தார்கள். வாலழுகல் கண்ட கப்பி மீன் வைத்திருந்தவர்களுக்கு விரல் நுனியும் காது மடலும் நைந்த துணியைப் போல ஓரம் பிரிந்து தொங்கின. ஒரு சின்னக் கிண்ணத்தில் எட்டு மீனைப் போட்டு வரவேற்பறையில் வைத்து ஆளாளுக்குத் தீனி போட்டுவந்த ஒரு குடும்பம், வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் ஸ்டூல் மேல் ஏறி நின்று, வாயைக் கூரைக்குக் காட்டிக் காற்றை விழுங்கியது. பார்த்தவர்கள் பதறினார்களா என்றால் இல்லை. ஷேர் ஆட்டோவில் சாய்ந்தவர்களுக்கு ஓரத்து இடம் என்று ஒரு வழக்கம் வந்தது, சாய்வுக்கு ஏற்றபடி ஒரு கால் நீளம் குறைத்துப் பேன்ட் தைக்கத் தையற்காரர் பழகிக்கொண்டார், பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் மீன்தொட்டியைக் காட்டச் சொன்னார்கள், பெண் வீட்டார் அதற்கென்று அன்று காலை மட்டும் பக்கத்து வீட்டு நல்ல தொட்டியைத் தூக்கிவந்து வைத்தார்கள்.

அதில் உயர்வு தாழ்வும் வந்தது. கப்பி நோய் கூலிக்காரர் நோய் என்றானது. விலை கூடிய டிஸ்கஸ் மீனுக்கு வருகிற மண்டைக்குழி நோயால் நெற்றியில் பள்ளம் விழுந்தவர்கள் அதை மறைக்காமல் முடியைப் பின்னால் வாரிக்கொண்டு கல்யாணங்களுக்குப் போனார்கள். சங்கத் தலைவர் சாரங்கபாணியின் வீட்டில் ஆறடித் தொட்டியில், வாஸ்துவுக்காக வாங்கிய அரோவானா ஒன்று இருந்தது. கொழுத்த தீனியைத் தின்று தின்று அந்த மீனுக்கு வலக் கண் கீழே இறங்கிவிட, அவருடைய வலக் கண்ணும் இறங்கி, எதிரே யார் நின்றாலும் அவர்களுடைய செருப்பையே பார்த்தது. தலைவர் தங்களுடைய செருப்பைக் கவனிக்கிறார் என்று நினைத்த சங்கத்து உறுப்பினர்கள் புதுச் செருப்பு வாங்கினார்கள்; அவர் பார்க்கிற திசையில் தாங்களும் பார்ப்பதுதான் மரியாதை என்று நினைத்தவர்கள், நோயே இல்லாதவர்கள், குனிந்துகொண்டே கூட்டம் நடத்தினார்கள்.

எல்லோரும் தவமணியிடம் வந்தார்கள். வந்தவர்களுக்கு அவள் சொன்னது ஒன்றுதான். தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை வாரா வாரம் எடுத்துவிட்டு, ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள், தீனியைக் குறையுங்கள், அடிக்கழிவை உறிஞ்சுங்கள், மருந்து அதற்கப்புறம். "மீனை வளக்கணும்னு நெனைக்காதீங்க. தண்ணியை வளத்தாப் போதும், மீனு தானா இருந்துக்கும்" என்றாள். இவ்வளவு சுலபமான வைத்தியத்தை நம்ப அவர்களால் முடியவில்லை. மனுஷனுக்கு ஊசி போடுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். நீல மருந்தைத் தாங்களே குடிக்கலாமா என்று கேட்டார்கள்; இரண்டு பேர் கேட்காமலே குடித்துவிட்டு ஒரு மாதம் நீலமாக ஒன்றுக்குப் போனார்கள்.

வயிறு வீங்கிச் செதில்கள் பலாக்காய் முள் மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்கிற நீர்க்கோவை நோய்க்கு மட்டும் அவள் எந்த மருந்தும் தர மாட்டாள். அது பத்தில் ஒன்று பிழைத்தால் அதிகம், வீணாக வதைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அப்படித்தான், தோல் முழுக்கச் செதிலாக நிமிர்ந்து, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் வந்து நின்றார். அவரிடமும் அதையே சொன்னாள். மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு அவருடைய மீன் செத்து மிதந்தது. பத்து முப்பத்தைந்துக்கு அவர் செத்தார். வயசாகிவிட்டது என்று நகரத்தார் பேசிக்கொண்டார்கள், சாவு வீட்டில் தொட்டியை ஒரு வேட்டியால் மூடி வைத்தார்கள். தவமணி அன்று கடையை வழக்கமான நேரத்துக்குத் திறந்து வழக்கமான நேரத்துக்கு மூடினாள்.

சாரங்கபாணி காசிக்குப் போய்வந்த பிறகுதான் நோயின் சூட்சுமம் தெரிந்தது. போகும்போது தீனி டப்பாவை வீட்டு வேலைக்கு வருகிற பூங்காவனத்திடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அலகாபாத் தாண்டும்போது ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகம் அவருக்கு இரண்டு கண்ணிலும் தெரிந்தது. கங்கையின் கருணை என்று அவர் மூன்று முழுக்குப் போட்டார். திரும்பிவந்து கதவைத் திறந்த பூங்காவனத்தின் வலக் கண் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது, இது கங்கை இல்லை, டப்பா என்று புரிந்துகொண்டார். மீன் கடைசியாக யார் கையிலிருந்து தீனி வாங்கித் தின்கிறதோ அவருக்குத்தான் அதன் நோய். இந்த உண்மையை அவர் இரண்டு நாள் தன்னோடு வைத்துக்கொண்டார், பிறகு சங்கத்தின் செயற்குழுவில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்.

அந்த வாரமே செந்தாமரை நகரில் எல்லா வீட்டிலும் தீனி டப்பா கை மாறியது. வேலைக்கு வருகிறவர்களிடம், சமையலுக்கு வருகிறவர்களிடம், காவல்காரரிடம், கார் துடைக்க வருகிறவரிடம், ஒரு சிரிப்போடு, பழைய புடவையோ மீந்த இட்லியோ கூட வைத்து, இனிமேல் மீனுக்கு நீயே போட்டுவிடு என்றார்கள். சாய்ந்தவர்கள் நிமிர்ந்தார்கள், பிரிந்த காது மடல்கள் சேர்ந்தன, ஸ்டூலில் நின்றவர்கள் இறங்கினார்கள். உடம்பு நேரானதற்காகப் பிள்ளையார் கோயிலில் சங்கம் அன்னதானம் போட்டது. பரிமாறியவர்கள் எல்லோரும் சாய்ந்து சாய்ந்து பரிமாறினார்கள். தவமணியின் கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஏன் குறைந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் அதைப் பற்றி ஒன்றும் செய்யவில்லை. மனுஷர்களைப் பற்றி அவள் ஏற்கெனவே நினைத்து வைத்திருந்ததற்கு இது ஒன்றும் புதிதாகச் சேர்க்கவில்லை.

பூங்காவனம் ஐந்து வீட்டில் வேலை செய்தவள். ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவள் கடை வாசலில் வந்து நின்றபோது, தவமணிக்கு ஐந்து தொட்டியும் ஒரே ஆளில் தெரிந்தது. கழுத்தில் வெள்ளைப் புள்ளி, விரல் நுனியில் அழுகல், இடப்பக்கம் சாய்வு, கீழே இறங்கிய வலக் கண், அதற்கெல்லாம் மேலே, சேலைக்குள் பானை மாதிரி ஊதிய வயிறும் கையெல்லாம் குத்திட்டு நின்ற செதிலும்.

"அக்கா, சுலோசனாம்மா வூட்டுத் தங்கமீனு செதிலைத் தூக்கினு நிக்குது. ரெண்டு நாளா தீனியும் எடுக்கல. அதுக்கு இன்னா செய்யணும்?"

"ஒனக்கு இன்னா செய்யணும்னு கேக்கலியா நீ?"

"அதுக்குச் சரியானா எனக்கும் ஆயிடும்ல."

தவமணி பழக்கத்தில் கேட்டாள், "தண்ணி மாத்தி எத்தனை நாளாச்சு?"

"நான் அங்க வேலைக்குச் சேந்து எட்டு மாசம். மாத்துனதே இல்ல. நான் மாத்துறேன்னு சொன்னேன், தண்ணி வீணாவுதுன்னாங்க."

"தொட்டியில எத்தனை?"

"பன்னெண்டு இருந்துச்சு. இப்ப அது ஒண்ணுதான்."

"புதுசா எதுனா உட்டீங்களா?"

"இந்த நோவெல்லாம் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு உட்டாங்க. மூணு நாள்ல செத்துருச்சு. அதுக்கு அடுத்த நாளே இன்னும் ரெண்டு உட்டாங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மூன்று கேள்விக்கும் உண்மையான பதில் சொன்ன முதல் ஆள் அவள். வழக்கமாக இந்த இடத்தில் தவமணிக்கு வாயில் ஒரு கசப்பு வரும், அதை அவள் சொல்லாகத் துப்புவாள். இப்போது வாய் காலியாக இருந்தது. இந்த நோய்க்கு மருந்து தருவதில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பத்தில் ஒன்றுதான் பிழைக்கும் என்று தான் சொல்லிச் சொல்லி அனுப்பிய மீன்கள் எத்தனை நூறு இருக்கும் என்றும், அதில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்றும், அந்தத் தலைமையாசிரியர் அதில் ஒருவராக இருந்திருக்கலாம் என்றும் அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. மற்றவர்கள் தண்ணீர் மாற்றச் சோம்பல்பட்டார்கள், தான் இதற்குச் சோம்பல்பட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது, இத்தனை வருஷம் பிறத்தியாருக்கென்று வைத்திருந்த அந்தக் கசப்பு முதல்முறையாக அவளையே திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து, பட்டப்பகலில் கடையின் ஷட்டரை இழுத்து மூடினாள்.

மூடி போட்ட ஒரு பெரிய வாளியோடு அவள் சுலோசனாவின் வீட்டுக்குப் போனாள். பின்னால் பூங்காவனம் சாய்ந்து சாய்ந்து வந்தாள். சுலோசனா பள்ளி ஒன்றில் இசை சொல்லித்தந்து ஓய்வுபெற்றவர், எல்லோரிடமும் மெதுவாகப் பேசுகிறவர். தவமணி தொட்டியில் கை விட்டபோது அவர் சமையலறையிலிருந்து வந்தார்.

"என்னங்க இது, எங்க மீனை எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"உங்க மீனாம்மா?"

"பின்னே? நாலு வருஷமா வச்சிருக்கோம். என் பேத்தி அதுக்குப் பேரெல்லாம் வச்சிருக்கா."

தவமணி அலமாரி மேலிருந்த டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, அவர் முன்னால் நீட்டினாள். "ஒரு உருண்டை. உங்க கையால போடுங்க. அது வாங்குச்சுன்னா வுட்டுட்டுப் போயிடுறேன்."

சுலோசனா டப்பாவைப் பார்த்தார், பூங்காவனத்தின் கையில் குத்திட்டு நின்ற செதிலைப் பார்த்தார், தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "அது அவளுக்குத்தாங்க பழக்கம்" என்றார் மெதுவாக. "எங்க கையில வாங்காது."

"வாங்காதுன்னா பயம் எதுக்கு?"

தவமணி மீனைத் தொட்டித் தண்ணீரோடு சேர்த்து வாளியில் மொண்டுகொண்டு கிளம்பினாள்.

மற்ற நாலு வீட்டிலும் அப்படியே நடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவள் டப்பாவை நீட்டினாள். ஒரு வீட்டில் சாமி கும்பிடப் போக நேரமாகிவிட்டது என்றார்கள், ஒரு வீட்டில் கை சுளுக்கு என்றார்கள், ஒரு வீட்டில் கதவுக்குப் பின்னாலிருந்தே, எடுத்துக்கொண்டு போங்கள், தொட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சாரங்கபாணி மட்டும் வாதாடினார். அரோவானா வீட்டைவிட்டுப் போனால் லட்சுமி போய்விடும் என்றார், அது தென்கிழக்கு மூலையில் இருப்பதால்தான் சங்கமே நடக்கிறது என்றார். அவள் டப்பாவிலிருந்து ஒரு காய்ந்த இறாலை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை டீப்பாயின் மேல் வைத்துவிட்டு, தண்ணீர் டிரம் ஏற்றுகிற குட்டி யானை வண்டிக்குத் தானே போன் செய்து வரச்சொன்னார்.

தவமணியின் வீட்டு முற்றத்தில் ஐந்து தொட்டிகளும் டிரம்களும் வந்து இறங்கின. அவள் ஒவ்வொன்றுக்கும் தன் கையால் தீனி போட்டாள். கப்பிகள் முதல் நாளே அவள் கையில் வாங்கின, பூங்காவனத்தின் விரல் நுனி கூடியது, தவமணியினுடையது பிரிந்தது. ஏஞ்சல் மீன் புள்ளியைத் தந்தது, சாய்ந்த மீன் சாய்வைத் தந்தது, அரோவானா இரண்டு நாள் முறைத்துவிட்டு மூன்றாம் நாள் இறாலை எகிறி வாங்கி, அவளுடைய வலக் கண்ணைக் கீழே இறக்கியது. பூங்காவனம் நிமிர்ந்து நின்று, இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்து, "வேணாங்கா" என்றாள். "ஒனக்குத் தெரியாது, சும்மா இரு" என்றாள் தவமணி. அவளுக்கு மட்டும் என்ன தெரியும் என்றால், அதுவும் இல்லை.

சுலோசனா வீட்டுத் தங்கமீன்தான் வாங்கவில்லை. அது ஒரு மூலையில், சொரசொரத்த உருண்டையாக, அடியில் கிடந்தது. அது ஒரு வாய் தின்றால்தான் நோய் மாறும். தின்னாமல் செத்தால் பூங்காவனம்தான் சாவாள். அவளால் இப்போது படுக்க முடியவில்லை, சுவரில் சாய முடியவில்லை, முற்றத்தில் குந்தியபடி மூச்சு வாங்கினாள், ஒவ்வொரு மூச்சுக்கும் செதில்கள் உரசுகிற சத்தம் கேட்டது. தவமணி மீனைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பில் விட்டாள். பேதியுப்பு கரைத்தாள், இளஞ்சூட்டில் தண்ணீரை வைத்தாள், காலையிலும் மாலையிலும் பாதித் தண்ணீரை மாற்றினாள். பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்து, மருந்தை அதில் பிசைந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, மீனின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தோள்பட்டை மரத்துப்போகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எவனோ செய்த தப்புக்கு இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று அவர்களை மனசுக்குள் ஒவ்வொருவராகத் திட்டினாள். திட்டி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து திட்டினாள். நாலாம் நாள் மத்தியானம் தங்கமீன் மெல்ல முன்னால் வந்து, பட்டாணியை ஒருமுறை வாயில் இழுத்துத் துப்பி, மறுபடி இழுத்து, விழுங்கியது.

பூங்காவனத்தின் கைச் செதில்கள், காற்று நின்றதும் படிகிற நெற்கதிர் போலப் படிந்தன. அவள் அப்படியே தரையில் சரிந்து தூங்கிப்போனாள். தவமணியின் வயிறு ஊதத் தொடங்கியது.

அன்றிலிருந்து ஒன்பது நாள் அவள் அந்த முற்றத்தை விட்டு நகரவில்லை. தூங்கி எழுந்த மறுநாளிலிருந்து பூங்காவனம் அவள் சொல்லச் சொல்லத் தண்ணீர் மாற்றினாள், பட்டாணி உரித்தாள், மருந்து பிசைந்தாள், ஆனால் தீனியை மட்டும் தவமணி தன் கையால்தான் போட்டாள். ஆறாம் நாள் சாரங்கபாணி தலைமையில் சங்கத்தார் வந்தார்கள். உடம்பெல்லாம் நிமிர்ந்தவர்கள், முகமெல்லாம் தெளிந்தவர்கள், கையில் ஒரு பொன்னாடை வைத்திருந்தார்கள். ஊதிப்போய்ச் சுவரோரம் குந்தியிருந்த தவமணியைப் பார்த்து, அவளுடைய தியாகத்தைப் பாராட்டிச் சங்கத்தில் தீர்மானம் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். பிறகு, நகரில் வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் டப்பாவைத் தொட மாட்டோம் என்று இப்போது சொல்லிவிட்டார்கள் என்றும், அதனால் மற்ற நூற்று நாற்பது வீட்டு மீன்களுக்கும் அவளே வந்து தீனி போட்டால் அது ஒரு சேவையாக இருக்கும் என்றும் சொன்னார்கள்.

தவமணியின் வலக் கண் அவர்களுடைய புதுச் செருப்புகளைப் பார்த்தது. இடக் கண் அவர்களைப் பார்த்தது. இரண்டிலும் தெரிந்தது அவளுக்கு ஒன்றாகவே இருந்தது.

"ஆடையை அங்க வைங்க" என்றாள். "டப்பாவை எடுத்துட்டுப் போயி அவங்கவங்க மீனுக்கு அவங்கவங்க போடுங்க. ஒரு வாரம் போட்டுட்டு வாங்க, மருந்து தரேன்."

"அது எப்படிங்க முடியும்" என்றார் சாரங்கபாணி.

"அப்ப போங்க."

அவர்கள் போனார்கள். பொன்னாடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வாரத்தில் நகர்க்காரர்கள் தங்கள் மீன்களை இரட்டை ஏரியில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஏரியில் தானாக இரை தேடித் தின்ற மீன்களின் நோய் பழைய கைகளை விட்டு இறங்கியது. கொக்குகளுக்கு அது நல்ல வாரம்.

தங்கமீன் பிழைத்தது. ஒன்பதாம் நாள் காலை அதன் வயிறு இறங்கியது. அன்று முழுக்கத் தவமணி உடம்பில் கட்டியிருந்த நீரை, முற்றத்துக்கும் கக்கூஸுக்குமாக நடந்து நடந்து, பன்னிரண்டு முறை ஒன்றுக்குப் போய்த் தீர்த்தாள். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பூங்காவனம் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பன்னிரண்டாம் முறை இரண்டு பேருமே சிரித்தார்கள். புள்ளி போயிற்று, சாய்வு போயிற்று, விரல்கள் கூடின. கண் மட்டும் வரவில்லை. அரோவானாவை நிமிர்ந்து பார்க்க வைக்க ஒரு சிவப்புப் பந்தைத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள். அது பந்தை இடக் கண்ணால் மட்டும் பார்த்தது.

பிறகு ஒருநாள் சுலோசனா வந்தார். மீனுக்குச் சரியாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன், பேத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றார், அதே மெதுவான குரலில். கையோடு ஒரு புதுத் தொட்டியை ஆட்டோவில் வைத்திருந்தார். பூங்காவனம் உள்ளே போய்விட்டாள். தவமணி டப்பின் மூடியை எடுத்தாள். தங்கமீன் நல்ல செம்பு நிறத்தில், பளபளவென்று, நேராக நீந்திக்கொண்டிருந்தது.

இப்போது நோயில்லை என்பதால் சுலோசனா துணிந்து ஒரு பிடி உருண்டைத் தீனியை அள்ளிப் போட்டார். மீன் வரவில்லை. அவருடைய நிழல் விழுந்ததும் அடியில் போய் நின்றுகொண்டது. அவர் குனிந்து, பேத்தி வைத்த பேரைச் சொல்லி இரண்டு மூன்று முறை கூப்பிட்டார். உருண்டைகள் ஊறி, பருத்து, ஒவ்வொன்றாக மூழ்கின. பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தன் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கை சுத்தமாக, வழவழப்பாக இருந்தது. அந்த முகத்தில் அப்போது வந்த நிம்மதியைத் தவமணி தன்னுடைய நல்ல கண்ணால் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பார்த்த அத்தனை பொய்யையும்விட அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"இங்கியே பழகிடுச்சு போல" என்று சொல்லிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுலோசனா ஆட்டோவில் ஏறிப் போனார்.

பூங்காவனம் வெளியே வந்து, அவர் போன வழியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அதெல்லாம் அப்பறம்" என்றாள் தவமணி. "அந்தக் கொழாயை எடு. தின்னாத தீனி கெடக்குது, அழுகுறதுக்குள்ள எடுக்கணும்." இரண்டு பேரும் டப்பின் இரு பக்கமும் உட்கார்ந்து, மீனைப் பயமுறுத்தாமல், ஊறிப்போன உருண்டைகளை ஒன்றுவிடாமல் உறிஞ்சி எடுத்துச் சாக்கடையில் விட்டார்கள்.